மூச்சு நீக்கிய குரல்

உங்கள் குழந்தை தானாக வந்து உங்களிடம் கடைசியாகக் கேட்ட கேள்வி எது? அவசரப்பட்டுப் பதில் சொல்லிவிடாதீர்கள். பசிக்கிறது என்றதும், தண்ணீர் வேண்டும் என்றதும், செருப்பைக் காணோம் என்றதும் கேள்விகள் அல்ல, அவை தேவைகள். உங்களைத் தவிர வேறு யாரிடமும் கேட்கத் தோன்றாமல், சேலைத் தலைப்பையோ சட்டை நுனியையோ பற்றி இழுத்து, உங்கள் முகத்தை இரண்டு கையாலும் தன் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு, இந்த உலகத்தைப் பற்றி அது கேட்ட கேள்வியைத்தான் கேட்கிறேன். நெஞ்சில் கை வைத்துச் சொல்ல முடியுமா? மங்கையர்க்கரசியால் முடியவில்லை. ஒரு சனிக்கிழமை முற்பகல், திருச்சி கே.கே. நகரில் ஓர் அடுக்குமாடி வீட்டின் சமையலறைத் தரையில், முறத்தை முன்னால் வைத்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்த அவளுக்குள் இந்தக் கேள்வி வந்து விழுந்து, தொண்டையில் மீன்முள்ளைப் போலச் சிக்கிக்கொண்டது. விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. நிலாவைப் பற்றி ஏதோ கேட்டாளே? இல்லை, அது மேல் வீட்டுக் கலாவின் மகன் மொட்டைமாடியில் கேட்டது. பஸ்ஸில் போகும்போது மரங்கள் ஏன் பின்னால் ஓடுகின்றன என்று? அது நான், என் சின்ன வயதில், என் அப்பாவிடம் கேட்டது. பல்லிக்கு வால் மறுபடி முளைக்குமா என்று? ஆமாம், அது ஆதிரைதான். ஆனால் அது எப்போது? அப்போது ஒலிப்பதிவுக்காகப் படுக்கையறை ஃபேனைக் கழற்றவில்லை, எதிரொலி தடுக்கும் இந்தப் போர்வைகளெல்லாம் சுவரில் ஏறவில்லை, அப்படியென்றால் பள்ளிக்கூடம் சேர்வதற்கும் முன்னால். அதற்குப் பிறகு? கீரைக்காம்பு விரலில் வழுக்கிற்று. அதற்குப் பிறகு?

கூடத்திலிருந்து ஒரு பெண்குரல் வந்தது. “இவற்றில் எது பெரியது? தொட்டுக் காட்டு, பார்க்கலாம்!” பிறகு, தேன் தடவினாற்போல, “மிகச் சரி! அருமை, கண்மணி!” அந்தக் குரல் மங்கையர்க்கரசியினுடையது. கூடத்தில் தொடுதிரை மடிக்கணினியின் முன்னால் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தவள் அவளுடைய ஒரே மகள் ஆதிரை, யூ.கே.ஜி. படிக்கிற சிறுமி. சமையலறையில் வாய் மூடிக் கீரை உருவுகிறவளும் மங்கை, கூடத்தில் வாய் ஓயாமல் பாடம் சொல்கிறவளும் மங்கை. வழக்கமாக இந்தக் குரல் அவள் காதில் விழுவதில்லை. குழந்தை ஹெட்போன் மாட்டிக்கொண்டுதான் படிப்பாள். நேற்று அதன் ஒரு பக்கம் முறிந்துபோனதால் இன்று குரல் வெளியே வந்து வீடெங்கும் உலவிற்று. கேட்கக் கேட்க மங்கைக்கு இன்னதென்று சொல்லத் தெரியாத ஒரு கூச்சம் பிடரியில் ஊர்ந்தது. யார் இவள்? இத்தனை மகிழ்ச்சியாக என் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருக்கிறாளே, இவளுக்கு இடுப்பு வலிக்காதா, பால் பொங்கி வழியாதா, யாரேனும் கதவைத் தட்டமாட்டார்களா? வானொலியில் பகுதிநேர அறிவிப்பாளராக இருந்த நாளிலேயே அவள் குரலை மெச்சாதவர் இல்லை. அந்தக் குரலைக் கேட்டுத்தான், குழந்தைகள் வீட்டிலிருந்தே கணினியில் படிக்கும் பாடங்களைத் தயாரிக்கிற நிறுவனம் ஒன்று அவளைத் தேடி வந்தது. கன்டோன்மென்ட் பக்கம் ஒரு மாடியறையில் முதல் ஒலிப்பதிவு. ராபின் என்ற இளைஞன் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து சொல்லிக்கொடுத்தான். “சிரிச்சுக்கிட்டே சொல்லுங்க மேடம். உதட்டுல சிரிப்பு இல்லேன்னா குரல்ல தெரிஞ்சுடும். பசங்க உடனே கண்டுபிடிச்சிடும்.” அவள் சிரித்துக்கொண்டே சொன்னாள். மீண்டும் முயற்சி செய், உன்னால் முடியும். மீண்டும் முயற்சி செய், உன்னால் முடியும். கன்னம் வலித்தது. “சூப்பர் மேடம். நடுவுல மூச்சு மட்டும் கேக்குது. பரவால்ல, நான் வெட்டிடறேன்.” மூச்சை வெட்டுவதா என்று அவள் சிரித்தாள். அவன் அவள் குரலின் அலைகளைத் திரையில் காட்டினான். சொற்கள் மலைபோல் எழுந்து நின்றன. சொல்லுக்கும் சொல்லுக்கும் இடையே சின்னப் புல்மேடுகளாக அவளுடைய மூச்சுகள். ஒவ்வொன்றாகத் தேய்த்து அழித்தான். இடமே சுத்தமாயிற்று. அன்று அது வேடிக்கையாக இருந்தது. இன்று, கீரையின் பச்சை வாடை மூக்கிலேற, அவளுக்குத் தோன்றிற்று: மூச்சு விடாத ஒருத்தி என் மகளுக்கு எதிரே உட்கார்ந்திருக்கிறாள். மூச்சு விடாதவளுக்குப் பெருமூச்சும் வராது, சலிப்பும் வராது, ‘கொஞ்சம் சும்மா இரேன்டி’ என்றும் வராது. என்னிடம் மிஞ்சியிருப்பது அவ்வளவும் ராபின் வெட்டிப்போட்ட பகுதிதானோ?

கைபேசி தரையில் அதிர்ந்து நகர்ந்தது. கணவன் ஜெகதீசன், ரயில்வே அலுவலகத்திலிருந்து. “என்ன மேடம், பேரெல்லாம் முடிஞ்சுதா?” “கீரை உருவிட்டிருக்கேன்.” “கீரையா! ஊர்ல இருக்கற குழந்தைங்க அத்தனையும் உன் வாயால தன் பேரக் கேக்கணும்னு தவம் கெடக்குது, நீ முருங்கக்கீரைய உருவிக்கிட்டிருக்க.” “உங்களுக்குத்தானே கீரை வேணும்னீங்க காலைல.” “சரி சரி, மத்தியானம் உள்ள போயி முடிச்சுடு. சாயங்காலம் அனுப்பணும்ல? ஆதி என்ன பண்றா?” “படிக்கறா.” “யார்கிட்ட?” “எங்கிட்டதான்.” அவன் விழுந்து விழுந்து சிரித்தான். “ஒரே நேரத்துல ரெண்டு எடத்துல இருக்கற பொண்டாட்டி எனக்கு மட்டும்தான்டி வாய்ச்சிருக்கு. ஹெட்போன் வாங்கிட்டு வரேன், வேற என்ன வேணும்?” ஒன்றும் வேண்டாம் என்று வைத்துவிட்டாள். நல்ல மனிதன்தான். அவன் சிரிப்பில் கள்ளமில்லை. மேல் வீட்டுக் கலாவும் இப்படித்தான், படியில் பார்க்கும்போதெல்லாம், “உங்களுக்கென்னக்கா, வீட்லயும் டீச்சர், பெட்டிக்குள்ளயும் டீச்சர்” என்பாள். அதிலும் கள்ளமில்லை, கொஞ்சம் பொறாமை மட்டும் உண்டு. வீட்டுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் காபி டம்ளர் கைக்கு வருமுன்பே அந்தக் காட்சி நடந்துவிடும்: ஜெகதீசன் மடிக்கணினியைத் திறப்பான், ஆதிரை விரலை வைப்பாள், சரி சரி சரி என்று மங்கையின் குரல் பொழியும், வந்தவர்கள் பெட்டியையும் மங்கையையும் மாறி மாறிப் பார்த்து வாய் பிளப்பார்கள். அப்போதெல்லாம் அவளுக்கு உள்ளே ஒரு குளிர்ச்சி பரவும். பெருமைதான், வேறென்ன. இப்போது நிறுவனம் ஒரு படி மேலே போய்விட்டது. இனிமேல் ‘கண்மணி’ என்று பொதுவாகச் சொல்லக்கூடாதாம்; ஒவ்வொரு குழந்தையையும் அதன் சொந்தப் பெயரிலேயே பாராட்டவேண்டுமாம். பெயர்களை அனுப்பியிருந்தார்கள். நேற்று முழுவதும் அவள் பெயர்களைச் சொல்லிக்கொண்டிருந்தாள், ஒவ்வொன்றையும் புன்னகையோடு. அகிலன், மிக அருமை. அமுதினி, மிக அருமை. அந்த வரிசையில் ஆதிரையும் வந்தாள். ஆதிரை, மிக அருமை. சொன்ன வேகத்தில் அடுத்த பெயருக்குப் போய்விட்டாள். இரவு படுத்த பிறகுதான் அது திரும்பி வந்து காதுக்குள் நின்றது. அப்படி ஒரு குழைவோடு அவள் அந்தப் பெயரைத் தன் மகளின் முகத்தைப் பார்த்துச் சொன்னதில்லை. வீட்டில் அவள் பெயர் ‘ஆதி, எழுந்திரு’, ‘ஆதி, வாயை மூடிட்டுச் சாப்பிடு’, ‘ஆதி, சத்தம்’. முழுப்பெயரும் முழுப்புன்னகையும் யாருக்காக? எந்த ஊரிலோ இருக்கிற எந்த ஆதிரைக்காகவோ.

சத்தம். அந்தச் சொல்லில் மனம் மறுபடி இடறிற்று. அடிக்கடி மாடியறைக்குப் போகமுடியாது என்று நிறுவனத்தார் மைக்கை வீட்டுக்கே அனுப்பியபோதுதான் எல்லாம் தொடங்கிற்று. படுக்கையறையின் மின்விசிறியைக் கழற்றினார்கள். சுவரெங்கும் போர்வைகளைத் தொங்கவிட்டார்கள். அலமாரியைத் திறந்து, சேலைகளுக்கு நடுவே மைக்கை நிறுத்தி, தலையை உள்ளே நுழைத்துக்கொண்டு பேசவேண்டும்; சேலைகள் எதிரொலியைக் குடித்துவிடும். ஆனால் குழந்தையின் ஓசையை எந்தச் சேலையும் குடிக்காது. அந்த மைக்குக்குப் படு கூர்மையான காது. அடுத்த அறையில் ஸ்பூன் விழுந்தாலும் பிடித்துக்கொள்ளும். ஆகவே ஓர் ஏற்பாடு செய்தாள். கதவுப்பிடியில் சிவப்புத் துண்டு தொங்கினால் உள்ளே மைக் ஓடுகிறது, கூப்பிடக்கூடாது, ஓடக்கூடாது, பாடக்கூடாது. சிக்னல் மாதிரி என்று ஜெகதீசன் மகளுக்கு விளக்கினான். அவள் அதை ஒரே நாளில் கற்றுக்கொண்டாள். முதலில் துண்டைப் பார்த்து மௌனமானாள். பிறகு துண்டு இல்லாதபோதும், வாய் திறக்குமுன், “அம்மா, மைக் ஓடுதா?” என்று கிசுகிசுத்துக் கேட்டாள். இல்லடா தங்கம், சொல்லு என்றால் சொல்வாள். பிறகு, பிறகு அப்படிக் கேட்பதும் நின்றுவிட்டது. நின்ற நாள் எது? நின்றதை நான் கவனிக்கவே இல்லையே. வீடு அமைதியாக இருந்தது, வேலை நடந்தது, அது போதுமென்று இருந்துவிட்டேன். அந்த நேரத்தில் குழந்தை என்ன செய்வாள், பாவம்? அதற்கும் மங்கை வழி கண்டாள். மடிக்கணினியைத் திறந்து, ஹெட்போனை மாட்டி, தன் குரலின் முன்னாலேயே அவளை உட்காரவைத்தாள். வேற்று மனிதர் யாரிடமும் விடவில்லையே, என்னிடம்தானே விட்டுவிட்டுப் போகிறேன் என்று நினைத்தாள். ஆமாம், அப்படித்தான் நினைத்தாள், அந்த நினைப்பின் சொற்கள்கூட அவளுக்கு ஞாபகமிருக்கின்றன. என் குரல் அவளைப் பார்த்துக்கொள்ளும். குரலுக்குக் கண் உண்டா? ஒருநாள் கதவைத் திறந்தபோது ஆதிரை வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள். முழங்காலில் சதை கிழிந்து, இரத்தம் வடிந்து, சாக்ஸ் வரை இறங்கிக் காய்ந்தும் போயிருந்தது. காய்ந்திருந்தது! காய்கிற வரை நின்றிருக்கிறாள். “ஐயோ, எப்போடி விழுந்தே? கூப்பிடறதுக்கென்ன?” குழந்தை கதவுப்பிடியைக் காட்டிற்று. “துண்டு தொங்குச்சு.” அதற்கு நான் என்ன சொன்னேன்? மங்கை முறத்தை நகர்த்தினாள், உருவிய இலையையே மறுபடி உருவினாள், எழப்பார்த்து உட்கார்ந்தாள். என்ன சொன்னேன் என்று அவளுக்குத் தெரியும். கட்டியணைத்து, முத்தம் கொடுத்து, மருந்து போட்டு, “என் சமர்த்துக்குட்டி” என்று சொன்னாள்.

இந்த இடத்தில் ஒரு கதை சொல்கிறேன், கேளுங்கள். ஊருக்கெல்லாம் பால் ஊற்றிய மனிதன் ஒருவன் இருந்தான். கன்று செத்துப்போன பசு பால் சுரக்காதபோது, அந்தக் கன்றின் தோலில் வைக்கோலைத் திணித்துப் பசுவின் முன்னால் நிறுத்துவார்களே, அந்த வித்தை அவனுக்குத் தெரியும். ஒருநாள் அவன் யோசித்தான். பசுவை ஏமாற்ற வைக்கோல் கன்று இருப்பதுபோல், கன்றை ஏமாற்ற ஒரு வைக்கோல் பசு இருந்தால் என்ன? பசுவை வீடு வீடாக ஓட்டிப்போய்ப் பால் கறந்து ஊற்றும் வேளையில் கன்று கட்டுத்தறியில் கத்தித் தொலைக்கிறதே. உடனே பசுவின் வாசனை ஏறிய பழைய சாக்கைப் போர்த்தி, வைக்கோலால் ஒரு பசுவைச் செய்து கொட்டிலில் நிறுத்தினான். கன்று முதல்நாள் முட்டிப் பார்த்தது. இரண்டாம்நாள் நக்கிப் பார்த்தது. பிறகு அதன் காலடியிலேயே படுத்துக்கொண்டது. கத்துவதை விட்டுவிட்டது. ஊரார் வியந்தார்கள், இப்படி ஒரு சாதுவான கன்றை நாங்கள் பார்த்ததே இல்லை என்றார்கள். அவனுக்குப் பெருமை பிடிபடவில்லை. மாலையில் பசு மறுபடி மடி சுரந்து கனக்கத் திரும்பி வந்து, கன்றைப் பார்த்துக் குரல் கொடுத்தது. கன்று தலையைத் தூக்கிப் பார்த்தது. பார்த்துவிட்டு, வைக்கோலை நக்கப் போயிற்று. வைக்கோலின் மீது எனக்குக் கோபமில்லை. வைக்கோல் வைக்கோலாகத்தான் இருந்தது. நான் பசு என்று அது ஒருநாளும் சொல்லவில்லை. கணினியும் அப்படியே. எழுத்தைக் காட்டென்றால் காட்டுகிறது, எண்ணைச் சொல்லென்றால் சொல்கிறது, தன் வேலையை ஒழுங்காகச் செய்கிறது. ஆத்திச்சூடி படிக்கிற வயதில் அதைத் தொட்டுப் படிப்பதால் எந்தக் குழந்தையும் கெட்டுப்போவதில்லை. கெட்டுப்போவது வேறு எங்கோ. கத்தாத கன்றைப் பார்த்துச் சாது என்று சொன்னோமே, அங்கே.

மங்கைக்கு இந்தக் கதை தெரியாது. ஆனால் பள்ளிக்கூடத்தில் எஸ்தர் மிஸ் சொன்னது தெரியும். பெற்றோர் கூட்டத்தன்று, சின்ன நாற்காலியில் முழங்கால் முட்ட உட்கார்ந்துகொண்டு மிஸ் கேட்டார்கள். “நாம எதக் கேட்டாலும் டக்குனு சொல்லிடறா, ரொம்ப கெட்டிக்காரி. ஆனா அவளா ஒண்ணும் கேக்கறதே இல்லைங்களே மேடம். ஒரு சந்தேகம்கூட வர்றதில்ல. வீட்ல எப்படி?” ஜெகதீசன் மார்பை நிமிர்த்திக்கொண்டான். “வீட்லயே அவங்கம்மா எல்லாத்தையும் தெளிவா சொல்லிக் குடுத்துடறாங்க மிஸ், அப்புறம் எங்க சந்தேகம்?” எஸ்தர் மிஸ் சிரிக்கவில்லை. பேனாவின் மூடியைத் திறந்து, மூடி, திறந்து, “வீட்டுல கேக்கறாள்ல, அப்பச் சரி” என்றார்கள். அந்தப் பேனா மூடியின் சொடுக்கு இத்தனை நாள் கழித்து இப்போது கேட்கிறது. அப்போது நான் ஏன் வாய் திறக்கவில்லை? கேட்கிறாள் என்றும் சொல்லவில்லை, கேட்பதில்லை என்றும் சொல்லவில்லை. சின்ன நாற்காலியில் ராணிபோல் உட்கார்ந்திருந்தேன். ஐந்து வயதில் ஒரு குழந்தைக்குச் சந்தேகமே இல்லையென்றால் அது அறிவா? ஒருவேளை வளர்ந்துவிட்டாளோ. இல்லை, கூச்ச சுபாவமோ, என் மாமியார் வழியில் எல்லாரும் பேச்சுக் குறைந்தவர்கள்தானே. இல்லை. மேல் வீட்டுப் பையன் ஓயாமல் கேட்கிறான், கலா தலையில் அடித்துக்கொள்கிறாள், ‘இவன் வாய்க்கு ஒரு பூட்டு இல்லையா’ என்கிறாள். பூட்டு கிடைக்கும் கலா. சிவப்பு நிறத்தில் எங்கள் வீட்டில் இருக்கிறது. கீரை ஏறத்தாழ முடிந்துவிட்டது. இனி இதைக் கழுவி, பருப்பை வேகவைத்து, தாளித்துவிட்டு, உள்ளே போய் அலமாரிக்குள் தலையை விட்டால் சாயங்காலத்துக்குள் பெயர்கள் முடிந்துவிடும். மீதி எத்தனை பெயரோ. முடித்துவிட்டு அவளோடு உட்காரலாம். நாளைக்கு ஞாயிற்றுக்கிழமை, நாளைக்கு மைக்கை எடுக்கவே கூடாது. இப்படி எத்தனை நாளைக்குச் சொல்லியிருக்கிறேன்? அவள் என்னிடம் சொல்லாமல் வைத்திருப்பது இன்னும் என்னென்ன? முழங்கால் வெளியே தெரிந்தது. வெளியே தெரியாதவை? பாத்திரம் கழுவுமிடத்தில் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. எழுந்து இறுக மூடினாள். வீடு இன்னும் தெளிவாகக் கேட்டது.

அப்போதுதான் அந்த மற்றொரு குரலைக் கேட்டாள். முதலில் பாட்டு முணுமுணுக்கிறாள் என்று நினைத்தாள். இல்லை, பேச்சு. ஏற்ற இறக்கங்களோடு, இடையிடையே கொஞ்சலோடு, தன் மகளிடமிருந்து இத்தனை நீளமான பேச்சை மங்கை கேட்டு வெகுகாலமாயிற்று. யாரேனும் வந்திருக்கிறார்களா? ஈரக்கையோடு சமையலறை நிலைப்படிக்கு வந்து நின்றாள். கூடத்தில் வேறு யாருமில்லை. குழந்தையின் முதுகும், இரட்டைப் பின்னலும், அதற்கு அப்பால் வண்ணப் பழங்கள் வரிசையாக நிற்கிற திரையும். ஆதிரை திரையை நோக்கிக் குனிந்து சொல்லிக்கொண்டிருந்தாள். “அம்மா, ஜன்னல்ல ஒரு எறும்பு செத்துக் கெடக்குதுங்கம்மா. அது செத்துப்போச்சுன்னு அதோட அம்மாவுக்கு யாரு போய்ச் சொல்லுவாங்க?” அவள் விரல் தவறான பழத்தின் மீது பட்டது. “மீண்டும் முயற்சி செய், உன்னால் முடியும்!” என்றது குரல். குழந்தை அதை மறுப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. தான் கேட்ட விதத்தில்தான் பிழை என்று நினைத்துக்கொண்டது. கொஞ்சம் யோசித்து, கேள்வியைத் திருத்தி, இன்னும் பணிவாகக் கேட்டது. “எறும்போட அம்மா தேடுவாங்கல்ல? அவங்களுக்கு எப்படித் தெரியும்? நீங்க சொல்லுவீங்களா?” விரல் மறுபடியும் தவறிற்று. “மீண்டும் முயற்சி செய், உன்னால் முடியும்!” மங்கை கதவு நிலையைப் பற்றிக்கொண்டாள். இதோ, கேள்வி. தேடிக்கொண்டிருந்தேனே, இதோ, வீட்டுக்குள்ளேயே இத்தனை நாளும் நடந்துகொண்டிருந்திருக்கிறது, ஹெட்போன் மாட்டிக்கொண்டு, கிசுகிசுப்பாக, எனக்கு எட்டாமல், என்னிடமே. எத்தனை கேட்டிருப்பாள்? அத்தனைக்கும் நான் சிரித்துக்கொண்டே மீண்டும் முயற்சி செய் என்றிருக்கிறேன். நான் இல்லை. நான்தான். மூச்சு வெட்டப்பட்ட நான். ஓடிப்போய் எடுத்து அணைத்துக்கொள்ளவேண்டும் என்று உடம்பு சொல்லிற்று. ஆனால் குழந்தை இன்னும் முடிக்கவில்லை. திரைக்கு மிக அருகே முகத்தைக் கொண்டுபோய், இரகசியம் சொல்வதுபோலக் குரலைத் தாழ்த்தி, ஆதிரை கேட்டாள்: “எங்க வீட்ல இருக்கற அம்மாவுக்கு என்னப் பிடிக்காதுல்ல?” கேட்டுக்கொண்டே ஒரு மாம்பழத்தைத் தொட்டாள். இம்முறை விடையில் பிழையில்லை.

“மிகச் சரி! அருமை, கண்மணி!”

குழந்தை அழவில்லை, அழுதிருந்தால் மங்கைக்கு அது வரமாக இருந்திருக்கும். தனக்கு முன்பே தெரிந்த ஒன்றைப் பெரியவர்கள் உறுதி செய்யும்போது பிள்ளைகள் தலையசைப்பார்களே, அப்படி ஒருமுறை தலையசைத்துவிட்டு அடுத்த பழத்துக்குப் போயிற்று. மங்கைக்குக் காதடைத்தது. சிரித்துக்கொண்டே சொன்னேனே, கன்னம் வலிக்க வலிக்கச் சிரித்தேனே, அந்தச் சிரிப்போடுதானே இதற்கும் சொல்லியிருக்கிறேன். எப்படி நடந்தாள் என்று தெரியாது, கூடத்தில் இருந்தாள், மகளின் பக்கத்தில் மண்டியிட்டு உட்கார்ந்து, கீரைச்சாறு ஒட்டிய கையால் அந்தச் சின்னத் தோளைத் தொட்டு, “பிடிக்கும்டி. ஆதி, இங்க பாரு, அம்மாவுக்கு ஒன்ன…” என்று தொடங்கினாள். குரல் உடைந்து, மூச்சு நடுவில் முட்டி, வாக்கியம் பாதியில் நின்றது. குழந்தை திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இடது கையை மட்டும் பின்னால் நீட்டி அவள் வாயைப் பொத்திற்று.

“பேசாத. அம்மா பேசறாங்க.”

அந்தக் கை குளிர்ந்திருந்தது. உள்ளங்கைக்குப் பின்னால் மங்கையின் உதடுகள் அசைவதை நிறுத்தின. எட்டி அந்தப் பெட்டியை மூடிவிடலாமா? கை பாதிவரை போயிற்று. அதைக் கண்டதும் குழந்தை இரு கையாலும் திரையை அணைத்துக்கொண்டு, “வேணாம், வேணாம், அவங்கள மூடாத!” என்று, ஒரு தாயை யாரோ இழுத்துக்கொண்டு போவதுபோல அலறிற்று. முழங்கால் கிழிந்த அன்றுகூட வராத அலறல். மங்கை கையை எடுத்துக்கொண்டாள். எடுத்துக்கொண்டு, தன் வீட்டுக் கூடத்தில், தன் மகளுக்கு அருகே, தன் குரல் பேசி முடிக்கட்டும் என்று முறைக்காகக் காத்திருப்பவளைப்போலத் தரையில் உட்கார்ந்தாள். முறை வரும். பாடம் எப்படியும் முடியும். முடியும் இடத்தில் சிறிய இடைவெளி ஒன்று உண்டு, எனக்குத் தெரியும், நான்தானே சொன்னேன், ‘இன்றைய பாடம் முடிந்தது’ என்று சொல்லிவிட்டு நிறுத்தச் சொன்னார்கள், அந்த இடைவெளியில் பேசிவிடலாம், அதற்குள் பேசிவிடவேண்டும், என்ன பேசுவது, சிரித்துக்கொண்டா, சிரிக்காமலா? உள்ளறையில் அலமாரி திறந்தபடி காத்திருந்தது. சமையலறையில் கீரை வாடிக்கொண்டிருந்தது. குரல் சொல்லிற்று: “இன்றைய பாடம் முடிந்தது! அடுத்த பாடத்தைத் தொடங்கலாமா?” இடைவெளி வந்தது. மங்கை வாயைத் திறந்தாள். “ஆதி, அந்த எறும்ப எனக்குக் காட்டறியா?” என்றாள். புன்னகை இல்லை, குழைவு இல்லை, ஒரு சாதாரணப் பெண்ணின் கரகரத்த குரல். ஆதிரையின் விரல் திரைக்கு மேலே அந்தரத்தில் நின்றது. அவள் அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். முன்பின் தெரியாத ஒருவர் வழி கேட்கும்போது பார்ப்பதுபோல நிதானமாகப் பார்த்தாள். அப்புறம் விரலை இறக்கினாள். அடுத்த பாடம் தொடங்கிற்று.

மங்கையர்க்கரசி அங்கேயே உட்கார்ந்திருக்கிறாள். அவளுக்கு இனி எத்தனை பாடங்கள் காத்திருக்க வேண்டியிருக்குமோ, நான் அறியேன். நான் கேட்பது உங்களை. ஐயா, அம்மா, உங்கள் வீட்டில் இந்த நேரம் ஏதோ ஓர் அறையில் திரையின் வெளிச்சம் ஒரு சின்ன முகத்தில் அடித்துக்கொண்டிருக்கிறது. அது சமர்த்தாக இருக்கிறது, தொந்தரவு செய்யவில்லை என்று நிம்மதியாக இதைப் படித்துக்கொண்டிருக்கிறீர்கள். நிறுத்துங்கள். அந்த அறைக்குப் போங்கள். பாடம் முடியட்டும், வேலை முடியட்டும், பரீட்சை முடியட்டும், ஞாயிற்றுக்கிழமை வரட்டும் என்று சொல்லாதீர்கள். அதட்டாதீர்கள், அறிவுரை சொல்லாதீர்கள், பெட்டியைப் பிடுங்காதீர்கள். பக்கத்தில் தரையில் உட்காருங்கள். உங்களைப் பார்த்து அது வாய் திறக்கும்வரை எழுந்திருக்காதீர்கள். திறந்ததும், தெரிந்தால் தெரிந்ததைச் சொல்லுங்கள், தெரியாவிட்டால் தெரியவில்லை என்று, மூச்சு வாங்கியபடி, உங்கள் சொந்தக் குரலில் சொல்லுங்கள். இன்றே. அடுப்பை அணைத்துவிட்டு, இப்போதே போங்கள்.